போனில் நர்ஸ் பேசும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைப் போனிலும் வீடியோ காலிலும் தொடர்ந்து கவனிக்கும் முறை பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, இந்தத் தொடர்பைக் கவனிக்கும் தண்டுவட மறுவாழ்வுச் செவிலியர்கள் பதில் தருகிறார்கள்.

*

கேள்வி: என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் டி10 எலும்பு (கழுத்துக்குக் கீழே முதுகில் மேலிருந்து பத்தாவது) முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வாரம் ஒருமுறை போன் செய்து ‘எல்லாம் நல்லா இருக்கா?’ என்கிறார். ‘நல்லா இருக்குங்க’ என்கிறேன். இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறார். இதனால் என்ன பிரயோஜனம்?
– வாசகி, தேனி

பதில்: இப்படியே போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். போனில் இருக்கும் நர்ஸால் தொட்டுப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது. நீங்கள் அளந்து சொல்வதை வைத்துத்தான் அவர் எதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து இவற்றை எடுத்து எழுதுங்கள்: அடிபட்ட இடம், முழுக் காயமா பாதிக் காயமா, சிறுநீர் இறக்கும் டியூபான கதீட்டர் எந்த சைஸ், கடைசியாக மாற்றிய தேதி, மாத்திரைகளின் பெயரும் அளவும், வீட்டுக்கு வந்த அன்று தோலில் எங்காவது நிறம் மாறியிருந்ததா என்பது. அடுத்த பக்கங்களில் தினக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி சிறுநீர், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். இதைத் தினமும் எழுத முடியாவிட்டால், நர்ஸ் பேசும் நாளுக்கு முந்தைய மூன்று நாளாவது எழுதுங்கள். மலம் கழித்த நாள், அதற்குப் பிடித்த நேரம், இடையில் தெரியாமல் போனதா என்பதும் வேண்டும். காலையும் இரவும் தோலைப் பார்த்தீர்களா, எங்கே என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான்கள்: தெர்மாமீட்டர், 500 மில்லி அளவுக் கோடு போட்ட ஜக், கைக்கண்ணாடி, தையல் டேப், புஜத்தில் கட்டும் பிபி மெஷின். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து அது கணக்கு மாற்றிக் காட்டும். உங்கள் கணவருக்கு டி10 என்பதால் பிபி அத்தனை முக்கியமில்லை. டி6-லோ அதற்கு மேலோ (எண் குறையக் குறையக் கழுத்துப் பக்கம்) அடிபட்டவர்கள் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

வாரத்துக்கு ஒரு அழைப்பாவது வீடியோவாக இருக்கட்டும். ஆளைக் காட்டுவதோடு நிறுத்தாமல் கட்டில், மெத்தை, வீல்சேர், யூரின் பை தொங்கும் இடம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுங்கள். குஷனை முன்பின் மாற்றிப் போட்டிருப்பது, வாங்கிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே உட்கார வைத்திருப்பது, கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து பிட்டம் ஒரே இடத்தில் அழுந்துவது எல்லாம் அப்போதுதான் நர்ஸின் கண்ணில் படும்.

அழைப்புகள் தொடக்கத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும். முதல் அழைப்பு மூன்று நாளுக்குள், முதல் மாதம் வாரம் ஒன்று, மூன்றாவது மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்து வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் திருப்பிப் போட்ட உடம்பு வீட்டில் திரும்பாமல் கிடக்கும் காலம் அந்த முதல் மாதம்தான்.

இன்னொன்று. போனில் நர்ஸ் மருந்து எழுதித் தர மாட்டார், கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி அது பதிவு பெற்ற டாக்டரின் வேலை. தேவைப்பட்டால் டாக்டரை லைனில் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

*

கேள்வி: என் தம்பிக்குக் கழுத்தில் சி6 காயம். போன வாரம் ராத்திரி திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகமெல்லாம் வியர்வை, பிபி 160. படுக்க வைத்துத் தைலம் தேய்த்தோம். மெடிக்கல் ஷாப்பில் பிபி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். விடிவதற்குள் சரியாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நர்ஸைக் கூப்பிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூப்பிடலாம். ஆனால் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். நீங்கள் படுக்க வைத்ததால் பிபி இன்னும் ஏறியிருக்கும்.

இதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்கு வரும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடம்பை உறுத்துகிறது, பெரும்பாலும் நிரம்பி வழியும் மூத்திரப்பைதான். அந்தச் சேதி மூளைக்குப் போக வழியில்லை. தண்டுவடமோ தன்னிச்சையாக ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. பிபி ஏறுவது மூளைக்குத் தெரிகிறது, அடங்கச் சொல்லி ஆணையும் அனுப்புகிறது, அது காயத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. அதனால்தான் காயத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்க்கிறது, மூக்கடைக்கிறது, நாடி மெதுவாகிறது. கீழே தோல் வெளுத்துப் புல்லரிக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு, வலிப்பு வரை போகும்.

கழுத்தில் அடிபட்டவரின் சாதாரண பிபியே மேல் கணக்கு 90 முதல் 110-க்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அவருக்கு 135 என்பது ஆபத்தின் வாசல். மற்றவர்களுக்கு 135 ஒன்றுமே இல்லை என்பதால், புதிதாகப் பார்க்கும் டாக்டர்கூட ‘நார்மல்தானே’ என்று திருப்பி அனுப்பிவிடலாம். தம்பியின் வழக்கமான பிபியை நல்ல நாளில் ஒரு வாரம் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதைவிட 20 முதல் 40 கூடினாலே இந்தப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு காலையும் கீழே தொங்கவிடுங்கள். வயிற்று பெல்ட், காலில் கட்டிய யூரின் பையின் பட்டை, ஷூ, இறுக்கமான ஜட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். நர்ஸின் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டிய நேரம் இதுதான், இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும்.

அடுத்தது மூத்திரப்பை. கதீட்டர் உள்ளேயே இருப்பவர் என்றால் பையிலிருந்து உடம்பு வரை டியூபைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். மடிந்திருக்கும், தொடைக்கடியில் நசுங்கியிருக்கும், பை நிரம்பித் திரும்பி அழுத்தும். இவை எதுவும் இல்லை, சிறுநீரும் இறங்கவில்லை என்றால் அடைப்பு. கற்றுக்கொடுத்திருந்தால், உடம்புச் சூட்டில் இருக்கும் சலைன் 10 முதல் 15 மில்லி மட்டும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கதீட்டரை மாற்ற வேண்டும். அவ்வப்போது டியூப் போட்டு எடுப்பவர் என்றால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு டியூப் போடுங்கள். வயிற்றை அழுத்திப் பிதுக்கக் கூடாது.

மூத்திரப்பை காலியான பிறகும் பிபி இறங்கவில்லையா? அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். மேல் கணக்கு 150-ஐத் தாண்டியிருந்தால் வீட்டில் விரல் விட்டுப் பார்க்க வேண்டாம், அந்த உறுத்தலே இன்னும் ஏற்றிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குக் கீழே இருந்தால் ஜெல்லி தடவி, சில நிமிடம் விட்டு, மெதுவாகப் பார்க்கலாம். பிறகு தோல்: கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருப்பது, விதைப்பை மேல் உட்கார்ந்திருப்பது, துணி மடிப்பு, தீக்காயம், தெரியாமல் முறிந்த எலும்பு.

காரணம் கிடைத்து பிபி இறங்கினாலும் இரண்டு மணி நேரமாவது அவ்வப்போது அளந்துகொண்டே இருங்கள். காரணம் கிடைக்காவிட்டாலும், 150-க்குக் கீழே வராவிட்டாலும் 108. ஆம்புலன்ஸிலும் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையில் என்ன தப்பு? மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் சிறுநீரும் இறங்கிவிட்டால் பிபி பாதாளத்துக்குப் போய் மயங்கிவிடுவார். மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆண்மைக்கான சில்டெனாஃபில், டாடாலாஃபில் மாத்திரைகளைத் தம்பி சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த அவசரத்துக்கு டாக்டர்கள் கையிலெடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

*

கேள்வி: அப்பாவுக்கு வால் எலும்புக்கு மேலே படுக்கைப் புண். போட்டோ எடுத்து அனுப்பினால் ‘தெளிவா இல்லை, திரும்ப எடுங்க’ என்கிறார் நர்ஸ். எப்படி எடுப்பது? அப்பாவுக்கோ அந்த இடத்தைப் போட்டோ எடுப்பதே அவமானமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பதில்: அப்பாவின் கூச்சம் நியாயமானது, அதற்கு முதலில் வழி செய்வோம். முகம் படாமல் எடுங்கள், மற்ற இடங்களைத் துணியால் மூடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போகும் படங்கள் தானாக கேலரியில் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். போனில் எடுத்த படங்கள் கூகுள் போட்டோஸில் ஏறினால், அதே கணக்கைப் பயன்படுத்தும் பிள்ளைகளின் போனிலும் அவை தெரியும், அதையும் பாருங்கள். குடும்ப குரூப்பில் தவறிப் போய் விழாமல் இருக்க நர்ஸின் எண்ணை மேலே பின் செய்து வையுங்கள். படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று நர்ஸிடம் கேட்டு அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

எடுக்கும் முறை: பகலில், ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல். ஃபிளாஷ் அடித்தால் ஈரமான புண் பளபளத்து நிறம் தெரியாது. டியூப் லைட்டில் எல்லாமே நீலம். எப்போதும் ஒரே பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடதுபக்கம் படுத்தால் ஒரு வடிவம், வலதுபக்கம் படுத்தால் வேறு வடிவம் என்று அதே புண் மாறித் தெரியும், ஆறியதா வளர்ந்ததா என்று சொல்லவே முடியாது. பழைய மருந்தைச் சலைனால் கழுவித் துடைத்தபின், புது மருந்து போடும் முன் எடுங்கள். இரண்டு படம் போதும். ஒன்று கை நீட்டும் தூரத்திலிருந்து, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி. மற்றது ஒரு சாண் தூரத்திலிருந்து, கேமரா புண்ணுக்கு நேராக. பக்கத்தில் தோலை ஒட்டி ஒரு காகித ஸ்கேல் வையுங்கள், அதில் தேதியை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படம் சொல்லாததை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். தலை–கால் திசையில் நீளம் எத்தனை சென்டிமீட்டர், குறுக்கே எத்தனை. நேற்றிலிருந்து எத்தனை காஸ் துணித் துண்டு நனைந்தது. நாற்றம் உண்டா. ஓரத்துத் தோல் வெளுத்து ஊறியிருக்கிறதா. காய்ச்சல் உண்டா.

புண் இன்னும் வராத இடங்களையும் இதே அக்கறையோடு பாருங்கள். புத்தகங்களில் ‘தோல் சிவக்கும்’ என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலுக்கு. நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருத்து, ஊதா படர்ந்து தெரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தின் மேல் பாரம் படாமல் அரை மணி நேரம் வைத்தும் மறையவில்லை என்றால், முழுதாக மறையும் வரை அதன் மேல் படுக்கவோ உட்காரவோ கூடாது. அன்றே நர்ஸுக்குச் சொல்லுங்கள். வால் எலும்பு, உட்காரும் எலும்புகள் இரண்டு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது, மோட்டாரில் காற்று நிரம்பும் ஆல்ஃபா பெட் மெத்தை இருந்தாலும் தேவை. அந்த மெத்தைக்கு அடியில், பிட்டம் இருக்கும் இடத்தில், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. குறைந்தது ஒரு அங்குலம் மெத்தை நடுவில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், காற்று இறங்கும், அந்த நேரத்தில் திருப்பும் இடைவெளியைக் குறையுங்கள். காற்றடைத்த ரப்பர் வளையமும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டவே வேண்டாம். வளையம் தன் விளிம்பில் ரத்த ஓட்டத்தை நெரித்து, நடுவில் இருக்கும் சதையைத்தான் சாகடிக்கிறது. குதிகாலுக்கு, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதி காற்றில் மிதக்கும்படி வையுங்கள்.

புண்ணுக்குள் மஞ்சள் தூள், பவுடர், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, டெட்டால் எதுவும் போகக் கூடாது. ஆறத் துடிக்கும் புதுச் சதையையும் அவை சேர்த்து எரித்துவிடும். சாப்பாட்டில் புரதம் வேண்டும். புண் உள்ளவருக்குக் கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் ரசம் சோறும் கொடுத்துக்கொண்டு புண் ஆறவில்லை என்றால் எப்படி ஆறும்? முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஒன்றிரண்டாவது தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கறுத்துப்போன சதை, எலும்பு தெரிவது, சுற்றிலும் வீக்கம் பரவுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் போட்டோ அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

*

கேள்வி: டியூப் போட்டுச் சிறுநீர் எடுத்துக்கொள்கிறேன். கலங்கலாக, நாற்றமாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் கேட்டால் போன் நர்ஸ் வேண்டாம் என்கிறார். காசு மிச்சம் பிடிக்கிறார்களா? ராத்திரி ஒரு தடவை 700 மில்லி வேறு வருகிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: நர்ஸ் சொன்னது சரி. டியூப் பயன்படுத்துகிறவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். கலங்கல், நாற்றம் மட்டும் இருந்தால் தண்ணீரைக் கூட்டிக் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் தின்றால், நிஜமாகவே தொற்று வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. காய்ச்சல், குளிர், கால் தசை வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பது, ஒருமுறை டியூப் போட்டதற்கும் அடுத்த முறைக்கும் நடுவில் புதிதாக ஒழுகுவது, சிறுநீரில் ரத்தம், டி6-க்கு மேல் காயம் உள்ளவருக்கு முன்பு சொன்ன தலைவலி: இவை வந்தால் சிகிச்சை தேவை. அப்போதும் மாத்திரை தொடங்கும் முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். கதீட்டர் உள்ளேயே இருப்பவர்கள் பையிலிருந்து சாம்பிள் எடுக்கக் கூடாது, கதீட்டரைப் புதிதாக மாற்றி அதிலிருந்து எடுக்க வேண்டும்.

ராத்திரி 700 மில்லிக்குக் காரணம் உங்கள் கால். பகல் முழுக்க வீல்சேரில் உட்கார்ந்திருப்பதால் நீர் காலில் தேங்குகிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்குகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுங்கள், ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறையுங்கள், தூங்கப் போகும் முன் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அப்படியும் ராத்திரி 500-ஐத் தாண்டினால் அலாரம் வைத்து நடுவில் ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். ஒரு தடவைக்கு 400, மிஞ்சிப்போனால் 500 மில்லி. அதற்கு மேல் மூத்திரப்பை விரிந்தால் சுவரின் ரத்த ஓட்டம் குறைந்து தொற்று எளிதாகப் பிடிக்கும், சிறுநீரகத்துக்கும் திரும்பி ஏறும். நாளைக்கு 2 லிட்டர் வெளியேறுகிறது என்றால் நான்கு தடவையில் எடுத்தால் தடவைக்கு 500, ஐந்தில் எடுத்தால் 400. கணக்கு அவ்வளவுதான்.

டியூபைத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எடுத்த உடனே உள்ளேயும் வெளியேயும் ஓடும் தண்ணீரில் கழுவி, சோப்புப் போட்டு அலசி, உதறிக் காயவிட்டு, சுத்தமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டெட்டால் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் பழசாகப் பழசாக அதிலேயே கிருமி வளரும், டெட்டால் ஒட்டிய டியூப் உள்ளே எரிச்சலும் தரும். டியூப் விறைத்துப் போனால், முனை சொரசொரத்தால் தூக்கிப் போடுங்கள்.

*

கேள்வி: என் மகனுக்கு டி4. ஒரு வாரமாக மலம் சரியாகப் போகவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீராகப் போகிறது. பேதி நிற்க மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். கல்லாக இறுகிய மலம் உள்ளே அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வருவது இது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றும். டி4 என்பதால் பிபியும் ஏறலாம். இன்றே நர்ஸிடம் பேசுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

அடைப்பு நீங்கிய பிறகு ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடோ காபியோ முடிந்து அரை மணி நேரத்தில் குடல் தானாக அசையும், அதைப் பயன்படுத்த வேண்டும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்தான பிசகோடில் 10 மில்லிகிராம் சப்போசிட்டரியை மலத்துக்குள் குத்தாமல் குடல் சுவரை ஒட்டி வையுங்கள். மலத்துக்குள் போனால் அது கரைந்து வீணாகும். 15, 20 நிமிடம் கழித்து, கையுறை போட்ட விரலில் ஜெல்லி தடவி, உள்ளே 15 முதல் 20 விநாடி மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். ஐந்து, பத்து நிமிடம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இந்த முறை மேல்முதுகு, கழுத்துக் காயங்களுக்குத்தான். தண்டுவடத்தின் அடிநுனியில் அடிபட்டுக் குடல் தளர்ந்து போனவர்களுக்குச் சுழற்றிப் பலனில்லை, விரலால் எடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு எது என்பதை நர்ஸிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

*

கேள்வி: அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே செயலில்லை. இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ஊரில் நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்கிறார்கள். வீடியோவில் காட்டினால் போதுமா?
– வாசகி, அரியலூர்

பதில்: நீவவே கூடாது. காலின் ஆழ்ந்த ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம், நீவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகும். அடிபட்ட முதல் மூன்று மாதத்தில் இந்த ஆபத்து அதிகம். முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து நர்ஸுக்குச் சொல்லுங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் ஒற்றைக் கால் வீக்கத்தை வீடியோவில் முடிவு செய்ய முடியாது, அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108. இடுப்பு மூட்டோ முழங்காலோ சூடாக வீங்கி மடங்க மறுத்தால், அது தசைக்குள் எலும்பு வளர்வதாகவும் இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான்.

கூடவே ஒன்று: உணர்ச்சி இல்லாத இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம், ஹாட் பேக், மணல் மூட்டை எதுவும் வேண்டாம். தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும்.

*

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். தம்பி ஊரில் படுத்திருக்கிறான். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு போனில் நர்ஸ் பார்க்கும் சேவை ஒன்றில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இதனால் உண்மையிலேயே உயிர் காக்கப்படுகிறதா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் சவார் என்ற ஊரில், கை கால் செயலிழந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1979-ல் தொடங்கிய பெரிய மையம் இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்குப் போன தண்டுவடக் காயக்காரர்கள் 410 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து போன் அழைப்பும், நடுநடுவே வீட்டுக்கு நேரில் வருகையும் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் படுக்கைப் புண் உள்ள 120 பேருக்கு 12 வாரம் போனில் ஆலோசனை சொன்ன ஆய்விலும், புண்ணின் அளவு குறைந்ததில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இதை வைத்து போன் வீண் என்று சொல்ல மாட்டோம். குஷன் வாங்கக் காசில்லாத வீட்டில் ‘குஷன் வாங்குங்கள்’ என்று முப்பது தடவை போனில் சொன்னாலும் புண் வரத்தான் செய்யும் என்று புரிந்துகொள்கிறோம். எனவே பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: உடம்புக்குப் பொருந்தும் வீல்சேரும் நல்ல குஷனும், மெத்தை, தடையில்லாமல் கதீட்டர், வாசலில் சாய்வுப் பாதை, பகலில் திருப்பிப் போட ஒரு ஆள். இவ்வளவும் இருந்தால்தான் போன் நர்ஸுக்குக் கொடுக்கும் காசு வேலை செய்யும். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேசுபவருக்குத் தண்டுவட வார்டில் அனுபவம் உண்டா, ராத்திரி போனை எடுப்பார்களா, அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத சேவை வேண்டாம்.

தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாயிற்றா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வீல்சேருக்கும் விண்ணப்பிக்க அதுதான் முதல் காகிதம்.

*

கேள்வி: கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என் பகுதியில் தண்டுவடக் காயம் பட்ட இருவர் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் பார்க்கிறார். எனக்கு இதில் என்ன வேலை?
– வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அவருக்கு இல்லாத கை நீங்கள். வீட்டுக்குப் போகும் நேரத்தை முன்பே சொல்லி அவரை வீடியோவில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் மூன்று நிமிடம் எதுவும் கேட்காமல் முதுகுப்புறத்தை முழுதாகக் காட்டுங்கள். கதீட்டரை ஆண்களுக்கு அடிவயிற்றிலோ தொடையின் மேல்பகுதியிலோ ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒட்டாமல் தொங்கவிட்டால் சிறுநீர்த் துவாரம் கிழிந்துகொண்டே போகும். கதீட்டர் மாற்றும்போது பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர் ஏற்றுங்கள். சலைனில் உள்ள உப்பு படிந்து, அடுத்த முறை பலூன் சுருங்காமல் மாட்டிக்கொள்ளக் கூடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்ட்டில் அது தொடங்கியதிலிருந்தே வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புக் கவனிப்பும் உண்டு. இவர்கள் இருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பல ஊர்களில் விட்டுப்போயிருக்கிறது.

*

கேள்வி: அடிபட்டது எனக்கு. நர்ஸ் பேசுவது என் மனைவியிடம். எனக்கும் கேட்க விஷயம் இருக்கிறது, மனைவியை வைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: அடுத்த அழைப்பில் போனை வாங்கி, ‘என்னிடம் தனியாக ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும்’ என்று சொல்லுங்கள். நோயாளி கேட்டால் தர வேண்டிய நேரம் அது, சலுகை இல்லை. தாம்பத்தியம் பற்றியோ குழந்தை பற்றியோ கேட்க நினைத்தால், தண்டுவட நர்ஸ்களுக்கு அடிக்கடி வரும் கேள்விதான், வழியும் உண்டு. மருந்து மட்டும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். டி6-க்கு மேல் காயம் என்றால் அந்த நேரத்தில் பிபி ஏறக்கூடும் என்பதால் டாக்டரிடம் முதலில் பேச வேண்டும். கேட்க நினைத்தது வாழப் பிடிக்கவில்லை என்பதாக இருந்தால், நர்ஸின் அழைப்பு வரும் நாள் வரை வைத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.